இரத்மலானையில் ஒரு விமானப் பயிற்சிக்கூடம்: பட்டறைக்காகச் சேரலாம், விண்வெளிக்காக வேண்டாம்

உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படித்துவிட்டு விமானப் பராமரிப்புத் துறையில் இறங்க விரும்பும் கொழும்புப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது இரத்மலானைதான். கட்டுநாயக்கவுக்கு முன் நாட்டின் சர்வதேச விமான நிலையம் இருந்த இவ்வூரில், என் தங்கை படிக்கும் தனியார் நிறுவனமொன்றின் செய்முறைக் கூடத்தைப் பற்றியதே இம்மதிப்பீடு.

உலோகத் தகட்டுப் பட்டறையைக் குறைகூற முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி வைஸ். தகடுகளை இணைக்கும் ஆணியான றிவெட்டை அடித்து முடித்ததும் உருவாகும் தலை, தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்பதால், பயிற்றுநர் கேஜ் வைத்துப் பார்த்து, சற்றே சாய்ந்திருந்தாலும் துளையிட்டு அகற்றச் சொல்கிறார். போல்ட் கழன்றுவிடாதிருக்கக் கட்டும் லொக்கிங் வயரைப் போடும்போதும் அதே கண்டிப்புத்தான்: போல்ட் தளர முற்பட்டால் கம்பி அதை இறுகும் பக்கமே இழுக்க வேண்டும், திசை மாறியிருந்தால், முறுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டி எறிந்துவிடுவார். கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவம் வரையப்பட்டிருக்கிறது. ஓரிடம் வெறுமையாக இருந்தாலும் வகுப்புக் கலையாது. எஞ்சினுக்குள் மறந்துவிடப்பட்ட திருப்புளி என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் நடத்தும் பட்டறை இது.

எஞ்சின் கூடத்தில்தான் சிக்கல். ஐரோப்பிய முறையின்படி டர்பைன் எஞ்சின் விமானங்களைப் பராமரிக்கும் பி1.1 உரிமப் பிரிவுக்கான அடிப்படைப் பயிற்சி 2400 மணித்தியாலங்கள். அதில் கோட்பாடு 50 முதல் 60 சதவீதம், எஞ்சியது செய்முறை. முழு வகுப்புக்கும் ஒரே டர்பைன் எஞ்சினும் எஞ்சினின் உட்புறத்தைப் பார்க்க உதவும் ஒரே போரஸ்கோப்பும் இருக்கும்போது, அந்தச் செய்முறை மணித்தியாலங்களில் பெரும்பகுதி பிறர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதிலேயே கழிகிறது.

மேலதிகக் கட்டணம் அறவிடப்படும் விண்வெளிப் பாடநெறி ஏமாற்றமே. பத்து சென்ரிமீற்றர் கனசதுரமான கியூப்சாட் எனும் சிறு செய்மதியின் சட்டகம் ஒன்று, சில படவில்லைகள், சுவரில் இராவணா-1 செய்மதியின் புகைப்படம், அவ்வளவுதான். 2019 இல் சுற்றுப்பாதையில் விடப்பட்ட அச்செய்மதியை இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாக்கினர் என்பதைச் சொல்லித் தருகிறார்கள். அதிர்வுச் சோதனை எதற்கு, வெற்றிட அறைக்குள் செய்மதியை ஏன் சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள் என்பதைச் சொல்லித் தருவதில்லை. சுற்றுப் பலகையில் பற்றாசு பிடிக்கக்கூட எவருக்கும் வாய்ப்பளிக்கப்படவில்லை. பக்கத்திலேயே கட்டுபெத்தையில் விண்வெளித் தொழில்நுட்ப ஆய்விலும் ஈடுபடும் ஆதர் சி. கிளார்க் நிறுவகம் இருந்தும், அங்கே ஒரு களப்பயணம்கூட ஒழுங்கு செய்யப்படாததை என்னவென்பது?

பராமரிப்புப் பாடநெறியில் மட்டும் சேருமாறு பரிந்துரைக்கிறேன். அதற்கும் அனுமதிப் பணம் கட்டுமுன், மூத்த மாணவர் ஒருவரின் செய்முறைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். செய்து முடித்த வேலைக்குப் பயிற்றுநர் இடும் கையொப்பங்கள் எஞ்சின் பக்கங்களில் எத்தனை விழுந்திருக்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும்.