சந்தையா, முகாமா, பேக்கரி பெஞ்சா?

கோயம்புத்தூரில் யு.எக்ஸ். வேலை, அதாவது ஆப், வெப்சைட் திரைகளைப் பயன்படுத்துகிறவருக்குச் சுலபமாக வடிவமைக்கிற வேலை, பார்க்கிறவர்களைக் கூட்டி ஒரு நாள் நடத்தலாம் என்று பேச்செடுத்தால், முதல் கேள்வி "சீஃப் கெஸ்ட் யாருங்க?" என்பதுதான். குத்துவிளக்கு, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் போக மிஞ்சுகிற நேரத்தில் பெங்களூர்க்காரர் ஒருவர் ஸ்லைடு காட்டிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார். அந்த வகை வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டு, வந்தவர்களே நிகழ்ச்சி நிரலைப் போடுகிற மாநாடுகளை மட்டும் பார்ப்போம். ஓபன் ஸ்பேஸ், பார்கேம்ப், வேர்ல்ட் கஃபே என்று மூன்று இருக்கின்றன. நம்ம ஊருக்கு எது ஒத்துவரும்?

ஓபன் ஸ்பேஸ் ஒரு சலிப்பில் பிறந்தது. ஹாரிசன் ஓவன் என்பவர் 1983-இல் 250 பேருக்கு ஒரு மாநாடு நடத்த ஒரு வருடம் பாடுபட்டார். முடிந்தபின் பார்த்தால் எல்லோருக்கும் பிடித்தது காபி இடைவேளைதான்! சரி, மாநாடு முழுவதையும் இடைவேளை மாதிரியே நடத்திவிடலாம் என்று 1985-இல் கலிபோர்னியாவின் மாண்டரேயில் சோதித்தார். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். சுவர் வெறுமையாக இருக்கும். விஷயம் இருக்கிறவர் எழுந்து நடுவுக்கு வந்து, தலைப்பையும் தன் பேரையும் ஒரு தாளில் எழுதி, எந்த இடம், எந்த நேரம் என்று சுவரில் ஒட்டுவார். அந்தச் சுவருக்கு ஓவன் தரப்பு வைத்த பேர் சந்தை.

பொள்ளாச்சி மாட்டுச்சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அவரவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிடித்தால் நின்று துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசலாம், இல்லாவிட்டால் அடுத்த மாட்டுக்குப் போகலாம். ஓபன் ஸ்பேஸில் இதற்கு 'இரண்டு கால் விதி' என்று பேர்: கற்பதற்கும் கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு கூட்டத்துக்குப் போய்விட வேண்டியது.

சந்தையில் கூசாத கால் மாநாட்டில் கூசுகிறது. பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது பேரோடு இதை முயன்றோம். செமினார் ஹாலுக்குள் போனால் நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். வட்டமாவது ஒன்றாவது. கேன்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு மாறினோம். அங்கே ஒரு பெண் என் காதருகே வந்து, "அண்ணா, நடுவுல எந்திரிச்சுப் போனா அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாருங்களா?" என்று கேட்டார். பேசிக்கொண்டிருந்தவர் அவருடைய டீம் லீட். நியாயமான பயம்தான். கடைசிவரை அவர் எழவில்லை.

இந்தக் கூச்சத்துக்கு மருந்து பார்கேம்ப். 2003-இல் கணினிப் புத்தகங்கள் போடுகிற ஓரெய்லி நிறுவனம் அழைக்கப்பட்டவர்களை மட்டும் வைத்து ஃபூ கேம்ப் தொடங்கியது. அழைப்பு இல்லாதவர்களும் வரட்டும் என்று 2005 ஆகஸ்டில் சிலர் பாலோ ஆல்டோவில் ஒரே வாரத்துக்குள் கூட்டிய முகாம்தான் முதல் பார்கேம்ப். அடுத்த வருடமே சென்னைக்கும் வந்துவிட்டது. முதல்முறை வருகிறவர் கட்டாயம் ஏதாவது பேச வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. வீட்டிலேயே தயாரித்து, புரொஜெக்டரில் மாட்டி, அரைமணி பேசிவிட்டு இறங்கலாம். பெர்லினின் யு.எக்ஸ்.கேம்ப் யூரோப்பும் இந்த வழிதான்.

ஆனால் தயாரித்து வருவதுதான் அதன் வியாதியும். தயாரித்தவர் வென்ற கதையைத்தான் கொண்டுவருவார், மாட்டிக்கொண்ட கதையை வீட்டிலேயே வைத்துவிடுவார். பத்து நிமிடத்தில் அது கம்பெனி விளம்பரமாகி, கடைசி ஸ்லைடில் 'ஆள் எடுக்கிறோம்' என்று வந்து நிற்கும். வேப்பமரத்தடியில் எங்களுக்குக் கிடைத்தது வேறு. திருப்பூரில் துணி தைக்கிற பவர் டேபிள் யூனிட்டுக்கு பீஸ் ரேட் ஆப், அதாவது தைத்த பீஸுக்கு இத்தனை என்று கூலிக் கணக்குக் காட்டுகிற ஆப், செய்கிற தம்பி ஒருவர், எந்தத் தயாரிப்பும் இல்லாமல், "டெய்லருங்க யாருமே இதைத் திறக்க மாட்டேங்கறாங்க" என்றார். டெய்லர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ சிட்டையில் எழுதினால்தான் கணக்கு. மொழியை மாற்றினால் போதும் என்றார் ஒருவர். 'இந்த வாரச் சம்பளம்' முதல் திரையில் இல்லாமல் நாலாவது மெனுவுக்குள் கிடப்பதுதான் கோளாறு என்றார் இன்னொருவர். தகவலை எங்கே வைப்பது என்கிற நம் தொழிலின் அடிப்படைக் கேள்வி ஸ்லைடே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடியது.

வேர்ல்ட் கஃபேக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 1995-இல் ஜுவனிடா பிரவுனும் டேவிட் ஐசக்ஸும் உருவாக்கியது. மேசைக்கு நாலைந்து பேர், இருபது நிமிடச் சுற்று, மேசைவிரிப்புத் தாளிலேயே கிறுக்கலாம், ஒருவர் மட்டும் மேசையில் தங்க மற்றவர்கள் இடம் மாறுவார்கள். நம்ம பேக்கரி பெஞ்சில் டீயும் தேங்காய் பன்னுமாக நடப்பதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் கேள்வியை நடத்துகிறவர் முன்கூட்டியே முடிவுசெய்கிறார். எல்லோருக்கும் பொதுவாக ஒரே கேள்வி இருந்தால் அருமை. சரவணம்பட்டி ஐ.டி. ஆளும் கரூர் ஜவுளி ஏற்றுமதிக்குத் திரை வரைகிறவரும் ஒரே கேள்வியோடு வருவார்களா என்ன?

என் ஓட்டு சந்தைக்குத்தான், இரண்டு திருத்தங்களோடு. ஒன்று, தலைப்பை எழுதும் தாளில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் தாண்டாதவராக இருக்க வேண்டும். அப்போது சீனியர் மட்டுமே பேசிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு, ஒவ்வொரு சுற்றிலும் பாதியில் மணி அடிப்பது. மணி அடித்தால் எல்லோரும் எழுந்தே ஆக வேண்டும். பிடித்திருந்தால் அங்கேயே திரும்ப உட்காரலாம். போகிறவர் மேல் யாருக்கும் வருத்தம் வராது. கிளையன்ட் திரைகளைக் காட்ட முடியாதே என்பார்கள். பென்சிலில் வரைந்து காட்டட்டும், லோகோ இல்லாமல்.

ஹால் மட்டும்தான் பாக்கி. அவிநாசி ரோட்டில் இரண்டு கல்யாண மண்டபம் விசாரித்திருக்கிறேன். இரண்டிலுமே பிளாஸ்டிக் நாற்காலி. மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதம்.