வந்தவர் பிள்ளைக்கு யார் காசில் பள்ளிக்கூடம்? தாராவியிலிருந்து மூன்று வழிகளின் கணக்கு

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, மும்பை தாராவியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே டீக்கடையில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். "நம்ம வரிப்பணத்துல பையா பிள்ளைங்க படிக்குது, என் பேத்திக்கு உட்கார பெஞ்சு இல்ல" என்பார் மூன்றாம் மாடி அண்ணாச்சி. வட இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களைத்தான் இங்கே பையா என்பார்கள். அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து தோல் வேலைக்கு இங்கே வந்தவர். 1966-இல் மராத்தியருக்கான கட்சியாகச் சிவசேனை தொடங்கிய காலத்தில், வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்ற பேச்சைக் கேட்டவர்கள் மும்பைத் தமிழர்களான நாம்தான். அது அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனாலும் வகுப்பில் நெரிசல் என்று அவர் சொல்வது பொய்யில்லை. அதனால் டீக்கடையில் அடிபடும் மூன்று யோசனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதல் யோசனை: வெளியூர்க்காரரிடம் கட்டணம் வாங்கு, காகிதம் இல்லாதவரைத் திருப்பி அனுப்பு. இதைச் செய்து பார்த்த ஊர் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிப் பணம் தருவதில்லை என்று 1975-இல் சட்டம் போட்டது. அங்கே டைலர் என்ற ஊர்ப் பள்ளி நிர்வாகம் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. கூலி வேலை செய்யும் பெற்றோரால் எப்படிக் கட்ட முடியும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். அவர்களை வெளியே தள்ளினால் மற்றவர்களின் படிப்பு மேம்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் நாட்டு எல்லை தாண்டி வந்தவர்கள். இங்கே வருபவரோ இதே நாட்டுக் குடிமகன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்றே எழுதிவைத்திருக்கிறது. டிசி வர தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ திருப்பி அனுப்பக் கூடாது. போன வருஷம் விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஒரு பள்ளியில் டிசி கேட்டு மூன்று முறை அலையவிட்டார்கள். நான் கூடப் போய் அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைக் காட்டிய பிறகுதான் பையனுக்கு இடம் கிடைத்தது.

சரி, 'நம்ம வரிப்பணம்' என்ற வாதத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். மும்பை மாநகராட்சியின் கல்வி பட்ஜெட் 2025-26-இல் 3,900 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் யாருடையது? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை மாநகராட்சியின் பெரிய வருமானம் ஆக்ட்ராய், அதாவது நகருக்குள் நுழையும் சரக்கின் மீதான வரி. வியாபாரி அதை விலையில் ஏற்றிவிடுவார். நேற்று வண்டி இறங்கியவர் வாங்கிய சட்டையிலும் அந்த வரி இருந்தது. ஆக்ட்ராய் போனதற்கு ஈடாக இப்போது மாநில அரசு தருவதும் மக்கள் வாங்கும் பொருள்களில் வந்து சேரும் வரிதான். சொத்து வரியைப் பாருங்கள். 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு மும்பையில் 2022 முதல் அது கிடையாது. அண்ணாச்சியின் எஸ்ஆர்ஏ வீடு, அதாவது குடிசை மாற்றுத் திட்டத்தில் கிடைத்த வீடு, 225 சதுர அடி. அவரும் சொத்து வரி கட்டுவதில்லை, பக்கத்துச் சந்தில் வாடகைக்கு இருக்கும் பீகார்க்காரரும் கட்டுவதில்லை. கடையில் வாங்கும் பொருளுக்கு இருவரும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள்.

இரண்டாவது யோசனை: கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய 25 சதவீத இடங்களில் சேர்த்துவிடு, அரசு பணம் கட்டட்டும். மகாராஷ்டிரத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 17,670 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். கேட்க மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் குலுக்கலில் பெயர் வந்தாலும் முகவரிச் சான்று வேண்டும், வாடகைக்கு இருப்பவர் பதிவு செய்த ஒப்பந்தம் காட்ட வேண்டும். தாராவியில் டெபாசிட்டை வாய்ப்பேச்சில் கொடுத்துக் குடியிருப்பவர் அதற்கு எங்கே போவார்? பொதுப் பிரிவில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியாருக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் மகாராஷ்டிரச் சாதிச் சான்று வேண்டும், அதற்கு 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். நம் ஊர் ஆதிதிராவிடர் குடும்பங்கள் பலவும் இந்த ஒரு தேதியில்தான் மாட்டிக்கொள்கின்றன. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் தமிழ்நாட்டுச் சான்று இங்கே செல்லாது. சலுகை யாருக்காக என்று சொல்கிறார்களோ அவர்கள்தான் வாசலில் நிற்கிறார்கள்.

மூன்றாவது, இருக்கிற மாநகராட்சிப் பள்ளியிலேயே எல்லோரையும் சேர்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான். தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இது. நானும் இங்கே தமிழ் மீடியத்தில்தான் படித்தேன். பை, ஷூ, நோட்டு என்று 27 பொருள்கள் இலவசமாகத் தருகிறார்கள். கட்டடமும் இருக்கிறது. தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இந்தி வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் இடம் போதவில்லை. அந்த வகுப்புகளுக்கு ஆசிரியரையும் அறையையும் கூட்டினால் நெரிசல் குறையும். அப்புறம், மொழி தெரியாத பிள்ளையை நேரே வகுப்பில் உட்காரவைத்தால் கற்காது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் ரோஷ்ணி என்ற திட்டத்தில், பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்தவர்களை வைத்தே மலையாளம் சொல்லித்தந்தது. அதற்கு ஆகும் செலவு ஒரு புதுக் கட்டடம் கட்டும் செலவைவிடக் குறைவு.

திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். அங்கே இருக்கும் என் சித்தப்பா மகனும் அண்ணாச்சி பேசுவதையேதான் பேசுகிறான். அவனிடமும் இதே கணக்கைத்தான் சொன்னேன்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அண்ணாச்சியின் பேத்தி படிப்பது ஆறாம் வகுப்பு, ஆங்கில மீடியம். கூடுதல் ஆசிரியர் கேட்டு வார்டு கல்வி அலுவலகத்துக்கு மராத்தியில் ஒரு மனு எழுதியிருக்கிறோம். பக்கத்துச் சந்துப் பீகார்க்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "அவனுக்குக் கீழ நான் போடணுமாடே?" என்று கேட்டார் அண்ணாச்சி. மேலேயே இடம் விட்டிருக்கிறேன் என்றேன்.