எமுலேட்டரா, நிஜ போனா?

ஆண்ட்ராய்டு ஆப் எழுதும்போது எதில் ஓட்டிப் பார்ப்பது? கணினிக்குள் போனைப் போலவே இயங்கும் எமுலேட்டரிலா, நிஜ போனிலா? நிஜ போன் என்றால் செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யூஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்தால் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிளே இல்லாமல் வைஃபையிலும் இணைக்கலாம். எமுலேட்டருக்கு கணினியில் 16 ஜிபி ரேம் இருந்தால்தான் நிம்மதி.

பலரும் தடுமாறுவது லோக்கல் சர்வரில், அதாவது உங்கள் கணினியிலேயே ஓடும் சர்வரில்தான். லோக்கல்ஹோஸ்ட் என்று கோடில் எழுதினால் அது அந்த போனையே குறிக்கும், உங்கள் கணினியை அல்ல. எமுலேட்டரில் அதற்குப் பதில் 10.0.2.2 என்று போடலாம். நிஜ போனில், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியின் 'ஏடிபி ரிவர்ஸ்' கட்டளையில் சர்வரின் போர்ட் எண்ணைக் கொடுத்தால் போதும், கோடில் லோக்கல்ஹோஸ்ட் அப்படியே இருக்கலாம். அப்புறம், ஆண்ட்ராய்டு 9-ஐயோ அதற்கு மேலோ டார்கெட் செய்யும் ஆப்பில் வெறும் எச்டிடிபி (குறியாக்கம் இல்லாத இணைப்பு) இயல்பாகவே தடுக்கப்படும். சர்வர் மேல் பழி போடுமுன் அதைப் பாருங்கள்.

பல திரை அளவுகள், பழைய வெர்ஷன்கள், போலி ஜிபிஎஸ், பேட்டரி குறையும் நிலை இதெல்லாம் எமுலேட்டரில் சுலபம். ஆனால் சூடாவது, ஸ்க்ரோல் திக்குவது, பின்னணி வேலையைத் தயாரிப்பாளரின் பேட்டரி சேமிப்பு நிறுத்திவிடுவது ஆகியவை நிஜ போனில்தான் தெரியும். தினசரி வேலைக்கு போன், வெளியிடுமுன் எமுலேட்டரில் ஒரு சுற்று.