எட்டுக் கல்லும் ஒரு போலியும்: விண்கல் பள்ளப் பெட்டி வாங்கிய கதை

கல் குவாரியில் 22 வருடம் வெடி வைத்தவன் நான். ஜாக்ஹாமரில் குழி போட்டு, மருந்தும் டெட்டனேட்டரும் இறக்கி, விசில் ஊதி ஆட்களை விலக்கிவிட்டு, புகை அடங்கியதும் எது எப்படி உடைந்திருக்கிறது என்று போய்ப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் கல்லைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று ஒரு மிதப்பு. ஓய்வு பெற்ற பிறகு, நிலவியல் படித்த என் மகள் தன் பழைய போலரைசிங் மைக்ரோஸ்கோப்பை என்னிடம் தள்ளிவிட்டாள். "சும்மா உட்காராம எதையாவது பாருங்கப்பா" என்றாள். எதைப் பார்ப்பது என்று தேடியபோது கண்ணில் பட்டதுதான் இந்தப் பெட்டி. பெரிய விண்கற்கள் பூமியில் மோதியபோது உண்டான கற்களின் மாதிரித் தொகுப்பு.

விற்றவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியை நாலைந்து பேர் விற்கிறார்கள். உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நான் பட்டது யாரிடம் வாங்குகிறவருக்கும் உதவும்.

பெட்டிக்குள் எட்டுக் கல், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மூன்று சீவல், பத்து மடங்கு காட்டும் ஒரு கைலென்ஸ், 40 பக்கக் கையேடு. லென்ஸ் விளையாட்டுச் சாமான். முதல் வாரமே மறை கழன்றுவிட்டது, அதை விடுங்கள். சீவல்கள்தான் விஷயம். கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து வரும். அப்படித் தேய்த்த கல்லைத்தான் மைக்ரோஸ்கோப்பில் வைக்க முடியும். சீவல் இல்லாத பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்காதீர்கள்.

முதலில் கையில் எடுத்தது ஷாட்டர் கோன். ஜெர்மனியில் ஸ்டைன்ஹைம் என்ற இடத்துச் சுண்ணாம்புக் கல். அங்குள்ள பள்ளம் சிறியது, 4 கிலோமீட்டர் விட்டம்கூட இல்லை. ஆனால் இந்தக் கூம்பு வடிவ உடைசலை முதன்முதலில் கவனித்து 1905-ல் எழுதியது அங்கேதான். ஒரு முனையிலிருந்து குதிரை வால் மாதிரி கோடுகள் விரிந்து வருகின்றன. பார்த்ததும், "இதை நானே ஆயிரம் தடவை உடைத்திருக்கிறேன்" என்றுதான் நினைத்தேன். குவாரியில் வெடித்த குழியைச் சுற்றியும் கீறல் விரிந்து ஓடும். ஆனால் அது குழியிலிருந்து வெளியே ஓடுகிற நேர்க் கீறல். இதில் கூம்பின் மேல் கூம்பு, அதன் இடுப்பில் குட்டிக் கூம்பு என்று கல்லின் உடம்பு முழுக்க அதே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இப்படி நான் உடைத்ததே இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கையேடு இந்த இடத்தில் ஒரு தவறு செய்கிறது. கூம்பின் முனை "விண்கல் வந்த திசையைக் காட்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். பாறை இருந்த இடத்திலேயே இருந்து, பிறகு சரிந்ததையும் திரும்பியதையும் கணக்கில் கழித்தால், முனைகள் பெரும்பாலும் அதிர்ச்சி புறப்பட்ட மையத்தின் பக்கம் பார்க்கும். அவ்வளவுதான். பெயர்த்தெடுத்து வந்த கைக்கல்லை மேசையில் வைத்துக்கொண்டு திசை சொல்ல முடியாது.

அடுத்தது சூவைட், மோதலில் நொறுங்கிய பாறையும் உருகிய கண்ணாடியும் கலந்து இறுகிய கல். பெட்டியிலேயே அழகில்லாத கல் இதுதான். சாம்பல் நிறம், காய்ந்துபோன சிமெண்ட் கட்டி மாதிரி, நடுவே கறுத்த கண்ணாடித் துணுக்குகள். இதுவும் ஜெர்மனிதான். 24 கிலோமீட்டர் விட்டமுள்ள ரீஸ் பள்ளம், வயது சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டு. அந்தப் பள்ளத்துக்குள்ளேயே நோர்ட்லிங்கன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்குள்ள பெரிய தேவாலயத்தை இந்தக் கல்லால்தான் கட்டியிருக்கிறார்கள். எரிமலைக் கல் என்றுதான் பெரும்பாலான நிலவியலாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 1960-ல் அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் அங்கே போய்க் கல் எடுத்துவந்தார். அவரோடு வேலை செய்த எட்வர்ட் சாவோ அதில் கோஎசைட்டைக் கண்டுபிடித்தார். கோஎசைட் என்பது குவார்ட்ஸ் கடுமையான அழுத்தத்தில் எடுக்கும் இன்னொரு வடிவம். 1953-ல் ஆய்வகத்தில் செய்து பார்த்ததை அப்புறம்தான் பள்ளங்களில் தேட ஆரம்பித்தார்கள். எரிமலை வாயில் அந்த அழுத்தம் வராது. அதோடு வாதம் முடிந்தது. பத்து வருடம் கழித்து, நிலாவுக்குப் போகவிருந்த அப்பல்லோ 14 ஆட்களைப் பயிற்சிக்காக அங்கேயே கூட்டிப்போனார்கள்.

இந்தச் சூவைட்டின் சீவலைத்தான் நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாழை இலையின் நரம்புகளைப் பார்த்திருப்பீர்கள், இழுத்துவைத்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒரு குவார்ட்ஸ் மணிக்குள் அதே மாதிரி நேர்க்கோடுகள். குறுக்கே வேறொரு கோணத்தில் இன்னொரு கூட்டம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளிதான். படிகம் தளம் தளமாக நொறுங்கிப்போன சுவடு அது. இது உண்டாக ஏறக்குறைய 10 ஜிகாபாஸ்கலும் அதற்கு மேலும் அழுத்தம் வேண்டும். ஒரு ஜிகாபாஸ்கல் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போலப் பத்தாயிரம் மடங்கு. நல்ல ஜெலட்டின் மருந்து வெடிக்கும்போது மருந்துக்குள்ளே அந்தப் பக்கம் எட்டலாம். ஆனால் குழிச் சுவரைத் தாண்டியதும் மளமளவென்று இறங்கிவிடும். விண்கல் மோதலில் அது பாறைக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் குவாரியில் வெடிகுழிக்கு ஒட்டினாற்போல் வெளுத்து நொறுங்கிய இடத்திலிருந்து ஞாபகத்துக்கு எடுத்துவைத்த ஒரு சில்லு இருந்தது. மகளிடம் கொடுத்து சீவல் போட்டுத் தரச் சொன்னேன். வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். என் கல்லில் கோணல்மாணலாக விரிசல்தான், வளைந்து நெளிந்து ஓடுகிறது. ஒரு மணியில்கூட அந்த நேர்க்கோடு இல்லை. 22 வருட மிதப்பு அன்றோடு இறங்கியது. பெட்டிக்குக் கொடுத்த காசு இந்த ஒரு சீவலுக்கே சரியாகப் போய்விட்டது என்பேன்.

அரிசோனாவின் மீட்டியோர் கிரேட்டரை உண்டாக்கிய இரும்பின் துண்டு ஒன்றும் இருக்கிறது. கேன்யன் டயாப்லோ என்று பெயர். நகத்தளவுதான், ஆனால் கனம். இந்தப் பள்ளத்தின் கதையைக் கையேடு நன்றாகவே சொல்கிறது. எனக்கு டேனியல் பேரிஞ்சர் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. சுரங்கத்தொழில் ஆள். 1.2 கிலோமீட்டர் அகலக் குழி இருக்கிறது என்றால் அதற்கேற்ற இரும்புப் பாளம் அடியில் புதைந்திருக்க வேண்டும் என்று 1903-லிருந்து 1929-ல் சாகும்வரை தோண்டிக்கொண்டே இருந்தார். விண்கல்தான் காரணம் என்று அவர் சொன்னது சரி. இரும்பு அடியில் இருக்கிறது என்றது தப்பு. நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வருகிற பொருள் ஆணி மாதிரி இறங்குவதில்லை, வெடி மாதிரி வெடிக்கிறது. வந்தது சுமார் 50 மீட்டர் இரும்புதான், அதில் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் சிதறிவிட்டது. சாய்வாக வந்தாலும் பள்ளம் வட்டமாக இருப்பதும் இதனால்தான். வெடி வைத்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழியைச் சாய்த்துப் போட்டாலும் மருந்து எல்லாப் பக்கமும்தான் தள்ளும்.

பூமியின் வயதும் இதே இரும்பிலிருந்துதான் வந்தது. 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன், பூமியும் விண்கற்களும் ஒரே கூட்டத்தில் பிறந்தவை என்று காட்டி யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறுவதை வைத்து 455 கோடி ஆண்டு என்று கணக்கிட்டபோது, தொடக்ககால ஈயத்தின் அளவை எடுத்தது கேன்யன் டயாப்லோவுக்குள் இருந்த ட்ராய்லைட் என்ற கனிமத்தில். கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. கோள்கள் வளர்ந்த கதை என்று அட்டையில் போட்டுவிட்டு இதை எப்படி விட்டார்களோ!

சட்பரி கல் ஒன்று. கனடா, 185 கோடி ஆண்டுப் பழசு. பித்தளை நிறத்தில் மினுக்கும் நிக்கல் தாது. விண்கல்லிலிருந்து வந்த நிக்கல் என்று எல்லாரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். மோதலில் பூமியின் மேலோடே உருகி, கிலோமீட்டர் கணக்குத் தடிமனில் தேங்கி, ஆறும்போது உலோகமும் கந்தகமும் சேர்ந்த கனமான சல்பைடு அடியில் இறங்கிச் சேர்ந்ததுதான் அந்தச் சுரங்கங்கள். இதைக் கையேடு தெளிவாகச் சொல்கிறது. மானிக்குவாகன் உருகுபாறையும் கனடாதான், 21 கோடி ஆண்டு சொச்சம். பார்க்கச் சாதாரண எரிமலைக் கல் மாதிரியே இருக்கிறது. சீட்டு மட்டும் இல்லாவிட்டால் தெருவோரம் போட்டுவிடுவீர்கள். சொல்லப்போனால் எனக்கு வந்த பெட்டியில் இந்தக் கல்லின் சீட்டும் டெக்டைட்டின் சீட்டும் இடம் மாறித்தான் இருந்தன. டெக்டைட் கறுப்புக் கண்ணாடி என்பதால் கண்டுபிடித்தேன். இரண்டும் சாம்பல் கல்லாக இருந்திருந்தால் தவறோடே வைத்திருப்பேன். வாங்கியதும் ஒவ்வொரு கல்லின் மேலும் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் பள்ளத்தில் மட்டும் சீட்டு ஒட்டியிருந்தால் போச்சு.

டெக்டைட் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. சுமார் 8 லட்சம் ஆண்டுக்கு முன் உருகித் தெறித்த துளி. அந்தத் தெறிப்பு ஆஸ்திரேலியாவரை போயிருக்கிறது. ஆனால் எந்தப் பள்ளத்திலிருந்து தெறித்தது என்று இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. லிபியப் பாலைவனக் கண்ணாடியும் அப்படியே, அம்மா கிடைக்காத பிள்ளை. வெளிர் மஞ்சள், பார்க்க அழகு. துட்டன்காமன் மார்பணியில் செதுக்கிய வண்டு இந்தக் கண்ணாடிதான்.

இனி அந்தப் போலி. எட்டாவது மோல்டவைட், பச்சைக் கண்ணாடி. ரீஸில் விழுந்த அதே அடியில் தெறித்து, இப்போதைய செக் நாட்டில் போய் விழுந்தது. சூவைட்டும் மோல்டவைட்டும் ஒரே பெட்டியில் இருப்பது, அதாவது பள்ளத்தில் தங்கியதும் பறந்துபோனதும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, நல்ல யோசனை. ஆனால் எனக்கு வந்தது மழையில் நனைந்த மாதிரி ஒரே பளபளப்பு. கைலென்ஸ் உபயோகப்பட்ட ஒரே சமயம் இதுதான். உள்ளே குமிழிகள் உருண்டை உருண்டையாக இருந்தன. அசலில் குமிழிகள் இழுபட்டிருக்கும். கூடவே தனி சிலிக்கா உருகி நூல் நூலாகப் புழு மாதிரி நெளிந்திருக்கும். அது ஒன்றுமே இதில் இல்லை. வார்ப்பில் ஊற்றிய பாட்டில் கண்ணாடி. படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில், "இயற்கையில் வேறுபாடு இருக்கும்." இரண்டாவது முறை லென்ஸ் வழியே எடுத்த படத்தை அனுப்பினேன். மூன்று வாரத்தில் மன்னிப்போடு வேறு கல் வந்தது. அது அசல். அவர்களுக்கே மொத்த வியாபாரி ஏமாற்றியிருக்கலாம். சந்தையில் போலி மோல்டவைட் அவ்வளவு புழங்குகிறது. சாம்பல் சூவைட்டுக்கு யாரும் போலி செய்வதில்லை.

பெரிய குறை ஒன்று உண்டு. கோள்களின் வளர்ச்சி என்ற பகுதி நான்கே பக்கம், அதற்கென்று பெட்டியில் ஒரு கல்லும் இல்லை. விண்கல் விழுந்ததுதான் என்று உறுதியான பள்ளங்கள் பூமியில் சுமார் 200தான் தெரியும். தட்டுகள் நகர்ந்தும் மழை அரித்தும் மீதி அழிந்துவிட்டன. தென்னாப்பிரிக்காவின் விரெடஃபோர்ட், 202 கோடி ஆண்டு, முதலில் 250 கிலோமீட்டருக்கு மேல் அகலம் இருந்திருக்கும் என்கிறார்கள். இன்று மிச்சம் இருப்பது அடிவேர்தான். ஆரம்பகால மோதல்களின் கணக்கு முழுக்க நிலாவின் முகத்தில்தான் இருக்கிறது. அங்கே தென்துருவம்-எய்ட்கன் பள்ளம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். 2024-ல் சீனாவின் சாங்கே 6 விண்கலம் அங்கிருந்து கொண்டுவந்த கற்களை வைத்து அதற்கு 425 கோடி ஆண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். பள்ளங்களை எண்ணி ஒரு கோளின் தரைக்கு வயது சொல்லும் முறையும் நிலாக் கற்களை ஆதாரமாக வைத்துத்தான் நிற்கிறது. அப்பல்லோ கற்களை விற்க மாட்டார்கள், சரி. நிலாவிலிருந்து தானாக வந்து விழுந்த விண்கற்கள் கிடைக்கின்றனவே, எள்ளளவு வைத்திருக்கலாம். நம் மகாராஷ்டிரத்து லோனார் பள்ளத்தைப் பற்றியும் ஒரு பத்தி போட்டிருக்கலாம். நிலாவைப்போல, செவ்வாயைப்போல, எரிமலைக் குழம்பு உறைந்த பாசால்ட் பாறையில் விழுந்த பள்ளம் அது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் கல் வேண்டாம், படமாவது போட்டிருக்கலாமே.

அந்த நான்கு பக்கத்தில் ஒன்று மட்டும் தேறியது, டைனோசர்களை அழித்த மோதலின் பள்ளமான சிக்சுலூப் பற்றியது. டைனோசர் கதையை அதில் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், அது எல்லாருக்கும் தெரிந்ததே. 2016-ல் மெக்சிகோ கடலில் துளையிட்டபோது, பள்ளத்துக்குள் வளையமாக எழும்பி நிற்கும் மேட்டில் கிடைத்தது இளஞ்சிவப்பு கிரானைட். அது முன்பு கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கல். சில நிமிடங்களுக்குள் தண்ணீர் மாதிரி பொங்கி, மேலே வந்து, சாய்ந்து, உறைந்திருக்கிறது. வழக்கமான கிரானைட்டைவிட அடர்த்தியும் குறைவு, அவ்வளவு நொறுங்கியிருக்கிறது. அதே இளஞ்சிவப்பு கிரானைட்டை ஒரு கனமீட்டர் பெயர்க்க நான் அரைநாள் மெனக்கெட்டவன். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மைக்ரோஸ்கோப் கையில் இல்லாதவர் என்றால் இரண்டு.

போலி மோல்டவைட்டை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. அசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எது அசல் என்று கேட்பேன். இதுவரை ஏழு பேர், ஏழு பேரும் பாட்டில் கண்ணாடியைத்தான் எடுத்தார்கள். சூவைட்டை யாரும் தொடவே இல்லை.