ஒரே காசுக்குப் புது ஏர்கன்னா, பழைய ஏர்கன்னா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும் நீளத் துப்பாக்கி, ஏர்கன்னில் ஒரு வகை) வாங்கக் காசு சேர்த்து முடித்தபோது, இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒன்று பெட்டி பிரிக்காத புதுசு. ஸ்கோப், உறை, ஒரு டப்பா பெல்லட் (ஈயக் குண்டு) எல்லாம் அதோடு சேர்ந்தே வந்தன. இன்னொன்று ஒருவர் பல வருடம் சுட்டுவிட்டு விற்க வைத்திருந்த, ஜெர்மன் தயாரிப்பான வைராக் ஹெச்.டபிள்யூ. 35. தோளில் வைக்கும் கட்டையில் நீளமாக ஒரு கீறல், குழலில் கைபட்ட இடமெல்லாம் கறுப்பு மெருகு வெளிறிப் போயிருந்தது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பழசை எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

புதுசா பழசா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாடலைப் புதிதாகவும் பழையதாகவும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கையில் இருக்கும் காசு அப்படிக் கணக்குப் போட விடாது. அதே தொகைக்குப் புதிதாகக் கிடைப்பது ஒரு படி கீழான துப்பாக்கி, பழையதில் கிடைப்பது ஒரு படி மேலானது. உண்மையான போட்டி அந்த இரண்டுக்கும்தான்.

புதுசுக்கு வாரண்டி உண்டு, முன்னால் யாரும் கெடுத்திருக்க மாட்டார்கள். பழசு மலிவு, திரும்ப விற்றாலும் பெரிதாக நஷ்டம் வராது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏர்கன் வைத்திருக்க என்ன வயது, என்ன அனுமதி, எத்தனை ஜூல் பலம் வரை என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பழசில் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். முந்தையவர் வேகத்துக்கு ஆசைப்பட்டுக் கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கலாம். அப்படியானால் மேலே பொறித்திருக்கும் அளவும் உள்ளே இருக்கும் பலமும் வேறு வேறு.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். எது தேயும், தேய்ந்ததை மாற்ற முடியுமா என்ற கேள்வி அது.

நான் வாங்கியது ஸ்பிரிங் துப்பாக்கி. குழலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து, அது ஓடும் உருளை வடிவ அறையிலுள்ள காற்றை நெருக்கி, ஒரு சின்னத் துளை வழியாகப் பெல்லட்டின் முதுகில் தள்ளுகிறது. இதில் முக்கியமாகத் தேய்வது மூன்று பொருள்கள்: ஸ்பிரிங், காற்று கசியாமல் அடைக்கப் பிஸ்டன் தலையிலுள்ள சீல், குழல் வந்து மூடும் வாயிலுள்ள வளையம். மூன்றுமே மாற்றக்கூடியவை. குழல் அப்படித் தேயாது. பெல்லட் மிருதுவான ஈயம், வெடிமருந்தின் சூடும் கிடையாது. துருப்பிடிக்க விடாமல் வைத்திருந்தால் ஒரு ஆயுள் முழுக்கச் சுடலாம். விசைப் பொறி, கட்டை, குழலின் நேர்த்தி என்று ஒரு நல்ல துப்பாக்கியை நல்லதாக்கும் பாகங்கள் நீடித்து நிற்பவை. கெடுவது மலிவான பாகங்கள். மட்டமான புதுசில் இது தலைகீழ். சீல் புதிதாக இருக்கும், ஆனால் முரட்டு விசையை எத்தனை சீல் மாற்றியும் சரிசெய்ய முடியாது.

வாங்கிய வாரமே பெல்லட்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் சுட்டுப் பார்த்தேன். 4.5 மில்லிமீட்டர், 0.53 கிராம் பெல்லட். பத்துக் குண்டுகளில் வேகம் விநாடிக்கு 188 மீட்டரிலிருந்து 211 வரை ஏறி இறங்கியது. நல்ல நிலையில் உள்ள ஸ்பிரிங் துப்பாக்கியில் இவ்வளவு வித்தியாசம் வராது. திறந்து பார்த்துவிட முடிவு செய்தேன்.

கட்டையைக் கழற்றி, இரண்டு ஊசிகளைத் தட்டி எடுத்ததும் விசைப் பொறி முழுதாகக் கையோடு வந்துவிட்டது. பின்மூடி மரையில் திருகியிருக்கும். கடைசி மரை விடும் இடத்தில் ஸ்பிரிங் இன்னும் அமுக்கத்தில்தான் இருக்கும் என்பதால், அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. மூடி வெளியே வந்ததும் ஸ்பிரிங்கை எடுத்துக் கண்ணாடி மேஜையில் உருட்டினேன். நேராக உருளாமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை தூக்கிப் போட்டது, அதாவது வளைந்திருந்தது. குழலை இணைக்கும் போல்ட்டையும் கழற்றிப் பிஸ்டனை வெளியே இழுத்தேன். சீலின் விளிம்பில் ஒரு பக்கம் அரைத் தீக்குச்சி அகலத்துக்குக் கருகிப் பொடிந்திருந்தது. யாரோ சாதாரண மெஷின் ஆயிலை உள்ளே விட்டிருக்கிறார்கள். காற்று நெருக்கப்படும் சூட்டில் அந்த எண்ணெய் பற்றிக்கொள்ளும். புகையும் பெரிய சத்தமும் வரும், சீலும் போகும்.

அறையின் உட்சுவரை டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது, நெடுக்குக் கீறல் ஒன்றுகூட இல்லை. என்னைப் பொறுத்தவரை வாங்கியது சரி என்று உறுதியானது அந்த நிமிடம்தான். புது சீல், புது ஸ்பிரிங், வாய் வளையம், கொஞ்சமே கொஞ்சம் மாலிப்டினம் கிரீஸ். ஒரு மாலைப் பொழுது வேலை. மறுநாள் அதே பெல்லட் 231-லிருந்து 236-க்குள் நின்றது, சுமார் 14 ஜூல். இரண்டு வருடம் கழித்தும் அங்கேயேதான் நிற்கிறது. 10 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் விழுகின்றன.

இதெல்லாம் ஒரே ஒரு காரணத்தால்தான் முடிந்தது: அந்த மாடலுக்கு இன்னும் உதிரிப் பாகம் கிடைக்கிறது. 1950களில் வந்த வடிவமைப்பு, ஆனாலும் சீல் கேட்டால் கிடைக்கும். பழசு வாங்கப் போகிறவர்கள் துப்பாக்கியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் இதைத்தான் விசாரிக்க வேண்டும். அந்த மாடலுக்கான பிஸ்டன் சீலும் ஸ்பிரிங்கும் உங்களால் வாங்க முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. 1970களில் செய்த பெயர்பெற்ற போட்டித் துப்பாக்கிகள் சிலவற்றில் போட்ட செயற்கை சீல்கள், சுடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் வயதாகிப் பொடிந்துபோகும். அவற்றை வாங்கும்போதே சீல் மாற்றும் செலவையும் விலையில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நேரில் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது திருகுகளின் தலையை. சிதைந்திருந்தால் அவசரக் கை ஒன்று உள்ளே போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் குழலை மடக்கி, மூடுவதற்கு முன் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. குழலை விளக்கை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். மடக்கிய நிலையில் விசை இழுபட்டுக் குழல் படாரென்று மேலே அடித்த துப்பாக்கிகள் வளைந்திருக்கும், கட்டையிலும் கைப்பிடிக்குப் பக்கத்தில் விரிசல் இருக்கும். குழலின் முனை வாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பிசிறு தட்டக் கூடாது.

சுட விட்டால், குழல் மூடும் இடத்தின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்துச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் வளையம் கசிகிறது. அது விலையைக் குறைத்துக் கேட்க ஒரு காரணம், வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை. பெல்லட் இல்லாமல் மட்டும் சுட்டுப் பார்க்காதீர்கள். தடுக்கக் காற்றுமெத்தை இல்லாமல் பிஸ்டன் சுவரில் போய் அடிக்கும். பெல்லட் போடும்போது மறு கை குழலை இறுக்கிப் பிடித்திருக்கட்டும். அறிமுகமில்லாத துப்பாக்கியின் கொக்கியை நம்பிக் குழல் மூடும் வாயில் விரலை வைக்கக் கூடாது.

புதுசின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கருவிகள் இல்லாதவர்கள், திறந்து பார்க்க மனமில்லாதவர்கள், விவரம் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போக முடியாதவர்கள் புதுசே வாங்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஸ்பிரிங் துப்பாக்கி புதுசாக இருந்தாலும் சில நூறு குண்டுகள் சுட்ட பிறகுதான் நிதானத்துக்கு வரும். அதுவரை தொழிற்சாலை எண்ணெய் எரியும், வேகம் அலையும், கட்டைத் திருகுகள் தளரும். முதல் வாரத்திலேயே குறை சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்பிரிங் இல்லாமல், உருளையில் முன்கூட்டியே காற்று அடைத்துச் சுடும் பி.சி.பி. ரகத்தில் என் அனுபவம் குறைவு. நண்பருடையதைச் சுட்டிருக்கிறேன், சொந்தமாக வைத்திருந்ததில்லை. அதில் என் சாய்வு மாறுகிறது, நான் புதுசுதான் வாங்குவேன். 200 பார் அழுத்தத்தை இத்தனை வருடம் தாங்கிய உருளைக்குள் ஈரக் காற்று போனதா, துரு இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகளின் உருளைகளுக்குத் தயாரிப்பாளர்களே பெரும்பாலும் 10 வருடம் என்று ஆயுள் குறித்துவிடுகிறார்கள். பழசுதான் கட்டும்படியாகிறது என்றால், உருளையில் பொறித்த தேதியைப் பார்த்துவிட்டு, முதல் நாள் மாலை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் போய் அழுத்தமானியைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் அது வெறும் ஓ-ரிங்காகவும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்கலாம், வால்வாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறியும் கை எனக்கு இன்னும் வரவில்லை என்பதால், முள் இறங்கிய துப்பாக்கியை நான் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.