கொழிஞ்சாம்பாறைல (கேரளா, பாலக்காடு ஜில்லா) ஒரு இங்கிலீஷ் டியூஷன், வீட்டுப்பாடத்த திருப்பிப் போட்டிருக்காங்க

எம் பொண்ணு ஏழாவது, தமிழ் மீடியம். ஸ்கூல்ல தமிழ், கடைவீதில மலையாளம், ரெண்டும் தண்ணி மாதிரி வரும், இங்கிலீஷ்னா மட்டும் வாயே திறக்க மாட்டா. ஜூன்ல இருந்து இந்த டியூஷனுக்கு அனுப்பறோம் (குறையும் சொல்லப்போறதுனால பேரு வேண்டாம்), மாசம் 600 ரூபா.

இங்க பாடத்த க்ளாஸ்ல நடத்தறதே இல்லீங்க. முந்தின நாளே சார் வாட்ஸப்ல ஏழெட்டு நிமிஷ வீடியோ போட்டுருவாரு, புள்ளைங்க அத பாத்துட்டு நோட்டுல மூணு வரியும் ஒரு சந்தேகமும் எழுதிட்டு போகணும், பயிற்சி பேச்செல்லாம் அங்க போய்த்தான். வீடியோ பாக்கறதுக்கா காசு கட்டறோம்னு எனக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சு.

அப்பறம் ஒரு நாள் பிரசென்ட் பெர்ஃபெக்ட் ("ஹேவ்" போட்டு சொல்ற டென்ஸ்) பாடம். தமிழ்ல "போன வருசம் மலம்புழா போயிருக்கேன்"னு சொன்னா நமக்கு உறுத்தாது, அதே நெனப்புல இவளும் "ஐ ஹேவ் பீன் தேர் லாஸ்ட் இயர்"னு பக்கத்துப் புள்ளகிட்ட சொல்லியிருக்கா, லாஸ்ட் இயர்னு எப்போன்னு சொல்லிட்டா "ஐ வென்ட்" தான் வரும்னு சார் அங்கயே நின்னு திருத்திட்டாராம். பழைய டியூஷனா இருந்தா இதே தப்ப ராத்திரி வீட்ல உக்காந்து பத்து தடவ எழுதியிருப்பா, ஒம்போதாவதோட நின்ன எனக்கும் தெரிஞ்சிருக்காது, நாலு நாள் கழிச்சு செவப்பு மையில சுழிச்சு வரும், அதுக்குள்ள தப்பு மனசுல பதிஞ்சே போயிருக்கும்.

2007ல அமெரிக்கா கொலராடோல ஜோனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ்னு ரெண்டு கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க, லீவு போட்ட பசங்களுக்காக பாடத்த ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சதுல இருந்துதான் இந்த முறை பெருசா பரவுச்சுன்னு சார் சொன்னாரு. எங்களுக்கும் அது அப்படியே உதவுச்சுங்க, மாரியம்மன் நோம்பிக்கு மூணு நாள் ஊருக்குப் போனப்ப ஒரு பாடம்கூட விடல.

இப்ப குறை. எங்க வீட்ல ஒரே போன், வீட்டுக்காரரு அத எடுத்துட்டு பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கு லோடு ஏத்திட்டு போனா திரும்ப ஒம்போது மணி ஆகும், புள்ள தூங்கிருவா. கேட்டதுக்கு அப்பறம்தான் சார் அதே பாடத்த தாள்ல ப்ரிண்ட் போட்டுக் குடுக்கறாரு, மொதல்லயே குடுத்திருக்கலாம். இன்னொன்னு, ஒரு பேட்ச்ல 22 பேரு. வாத்தியார் பக்கத்துல நிக்கறதுதான் இதுல மொத்த பலனுமே, 22 பேருகிட்டயும் ஒரு மணி நேரத்துல அவரால போக முடியல, பேட்ச பிரிங்கன்னு நேர்லயே சொல்லிட்டேன், இன்னும் பிரிக்கல. சேக்கறவங்க ஏழு மணி பேட்ச்ல சேருங்க, அதுல கூட்டம் கம்மி, நாங்களும் அடுத்த மாசம் மாத்தறோம்.