கர்ப்பிணிகளுக்கான ஆன்டிஆக்ஸிடன்ட் பானப்பொடி: வாங்கலாமா?

புதுச்சேரி மருந்துக் கடைகளில் கர்ப்பிணிகளுக்கென விற்கப்படும் பானப்பொடிகளுள், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, நெல்லிச் சாறு, மாதுளைச் சாறு எல்லாம் சேர்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தடுக்கும் சத்து) பொடி ஒன்றை என் தங்கைக்காக வாங்கினோம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை; நான் சொல்ல வருவது இதே வாக்குறுதியோடு விற்கப்படும் எல்லாப் பொடிகளுக்கும் பொருந்தும்.

சுவையில் குறையில்லை. பாலில் கட்டி தட்டாமல் கரைகிறது, நெல்லியின் துவர்ப்பும் தெரிவதில்லை. ஆனால் சேர்மானங்களை அளவின் இறங்குவரிசையில்தான் அச்சிடுவார்கள். அந்தப் பட்டியலில் சர்க்கரை இரண்டாவதாக நிற்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

டப்பாவின் மேல் 'கர்ப்பகாலச் சிக்கல்களிலிருந்து பாதுகாப்பு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். என் வருத்தம் இந்த வரியைப் பற்றியதுதான். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறும் நிலையை மருத்துவர்கள் ப்ரீஎக்ளாம்சியா என்கிறார்கள். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் போதாதபோது அங்கே ஆக்சிஜனேற்ற அழுத்தம் (அத்தகைய மூலக்கூறுகள் பெருகும் நிலை) மிகுந்து, தாயின் இரத்தக் குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்படுகிறது என்பதால், ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று எண்ணியதில் நியாயம் இருந்தது. 1999இல் லண்டனில் 283 பெண்களிடம் நடந்த ஆய்வும் அந்த நம்பிக்கையை வளர்த்தது.

அதன்பின் பெரிய ஆய்வுகள் வந்தன. 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இந்நோய் வரும் ஆபத்து மிகுந்த சுமார் 2,400 பெண்களில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். ப்ரீஎக்ளாம்சியா குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகளோ மாத்திரை எடுத்தவர்களிடம் சற்று அதிகமாகவே பிறந்தன. ஆஸ்திரேலியாவிலும், பத்தாயிரம் பேரைச் சேர்த்த அமெரிக்க ஆய்விலும், இந்தியப் பெண்களும் பங்கேற்ற உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில்கூட, பலன் கிடைக்கவில்லை. ஆகவே இந்நோயைத் தடுப்பதற்காக இவ்விரு வைட்டமின்களையும் கொடுக்க வேண்டாம் என்று 2011இல் அந்நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அந்த வரியை அச்சிடுவது, அச்சத்தில் இருக்கும் ஒரு குடும்பத்திடம் செய்யக்கூடாத வியாபாரம்.

காய், கனி, பயறு மிகுதியாக உண்ணும் பெண்களிடம் இச்சிக்கல் குறைவாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அத்தகைய உணவில் நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட் எல்லாம் சேர்ந்தே வருவதால், அந்த நன்மையை ஆன்டிஆக்ஸிடன்டின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி ஏறத்தாழ 80 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. இந்த டப்பாவின் விலைக்குக் கடலூர் உழவர் சந்தையில் கொய்யா, முருங்கைக்கீரை, எலுமிச்சை, வேர்க்கடலை எனப் பல நாட்களுக்கு வாங்கலாம். கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்தும் உடலில் நன்றாகச் சேரும். கேழ்வரகுக் கூழை விட்டுவிடாதீர்கள்: உணவில் கால்சியம் குறைந்த பெண்களுக்குக் கால்சியம் கொடுப்பது ப்ரீஎக்ளாம்சியாவைக் குறைக்கும் என்பதற்குத்தான் சான்று இருக்கிறது. ஆபத்து மிகுந்தவர்களுக்கு 20 வாரங்களுக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவதும் அத்தகையதே; அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வளைகாப்புக்கு வரும் உறவினர்கள் சீர்த்தட்டில் இத்தகைய டப்பாக்களை வைத்துத் தருவதையும் பார்க்கிறேன். அன்போடு தருகிறார்கள், மறுக்க வேண்டியதில்லை; சத்துள்ள இனிப்புப் பானமாக எப்போதாவது குடிக்கலாம். ஆனால் அதைக் குடிக்கிறோமே என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டப்பாவில் சொல்லியபடி பாலில் கலந்து, அதனுடனேயே இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்கினால், பாலிலுள்ள கால்சியம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். இரண்டுக்கும் இடையே ஓரிரு மணி நேரமாவது விடுங்கள்.